கேப்ரியல் போன பிறகு ஜெனிசிஸைக் கேட்பது எப்படி

ஜெனிசிஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'நர்சரி க்ரைம்' ஆல்பத்தில் 'ஃபார் ஆப்சன்ட் ஃப்ரெண்ட்ஸ்' என்று இரண்டு நிமிடம்கூட ஓடாத ஒரு பாட்டு இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அதைப் போட்டுக் காட்டி, "பீட்டர் கேப்ரியல் எவ்வளவு மென்மையாகப் பாடியிருக்கிறார் பாருங்கள், இந்தக் குரல் போன பிறகு அந்தக் குழுவில் என்ன மிச்சம்?" என்று கேட்பது பல வருடங்களாக என் வழக்கம். ஒருநாள் இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் மகள் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்: "அப்பா, இது டார்ஜான் படத்துல பாடுறவர்தானே?" அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

அவள் சொன்னது சரி. அதைப் பாடியவர் ஃபில் காலின்ஸ். குழுவின் டிரம்மர். 1970ல் அவர் சேர்ந்த பிறகு வந்த முதல் ஆல்பத்திலேயே ஒரு முழுப் பாட்டைப் பாடியிருக்கிறார். என்னிடம் இருந்தது நண்பன் பதிவு செய்து கொடுத்த கேசட். யார் எதைப் பாடினார்கள் என்று அதில் எங்கே எழுதியிருக்கும்? ஆனாலும் சாக்குச் சொல்ல முடியாது. காலின்ஸ் பாட வந்ததால்தான் ஜெனிசிஸ் கெட்டுப்போனது என்று அத்தனை வருடம் வாதாடியவன், காலின்ஸின் குரலையே ஆதாரமாகக் காட்டி வாதாடியிருக்கிறேன்.

அந்த அசட்டுத்தனத்திலிருந்து நான் மெல்ல வெளியே வந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். நீங்களும் 1974ன் 'த லாம்ப் லைஸ் டவுன் ஆன் பிராட்வே'யோடு ஜெனிசிஸை மூடி வைத்துவிட்டவர் என்றால், அல்லது அதற்குப் பிறகு வந்ததை இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டு "இது வேறு குழு" என்று கைவிட்டவர் என்றால், இது உங்களுக்கு.

முதலில் செய்யக் கூடாதது ஒன்று: நடுவில் குதிக்காதீர்கள். நான் செய்தது அதுதான். 'லாம்ப்' கேட்டு முடித்த சூட்டோடு, அடுத்து கையில் கிடைத்தது என்பதற்காக 1986ன் 'இன்விசிபிள் டச்' ஆல்பத்தைப் போட்டேன். இடையில் பன்னிரண்டு வருடம். ஒரு மனிதரை இருபது வயதில் பார்த்துவிட்டு மறுபடி முப்பத்திரண்டில் பார்த்தால் யாரென்று கேட்கத்தான் செய்வோம். கூடவே இருந்து பார்த்தவர்களுக்கு அந்த முகம் மாறியதே தெரியாது. இந்தக் குழுவையும் ஆல்பம் ஆல்பமாக, வருட வரிசைப்படிதான் கேட்க வேண்டும்.

ஆனால் அடுத்த ஆல்பத்துக்குப் போகும் முன் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

பழையதிலேயே தேடுங்கள்

பாடகர் போய்விட்டார் என்றதும் நாம் புது ஆல்பத்தைப் போட்டு அவர் இல்லாத இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதைவிட, அவர் இருந்த ஆல்பங்களிலேயே அவர் வாய் திறக்காத இடங்களைத் தேடிப் பாருங்கள். ஏற்கனவே மனப்பாடமான ஆல்பங்கள் என்பதால் இது சுலபம். ஹெட்போன் இருந்தால் நல்லது.

முதலில் 1973ன் 'செல்லிங் இங்கிலாண்ட் பை த பவுண்ட்' ஆல்பத்தில் 'த சினிமா ஷோ'. பதினோரு நிமிடப் பாட்டு. பாதிக்கு மேல் பாடல் முடிந்துவிடும். அப்புறம் ஏழு எண்ணிக்கையில் ஒரு தாளம் தொடங்கி, அதன் மேல் டோனி பேங்க்ஸின் கீபோர்டு ஏறிக்கொண்டே போகும். தகிட தகதிமி என்று தொடையில் தட்டிக்கொண்டே கேட்டுப் பாருங்கள், இரண்டாவது நிமிடத்தில் கை தானாகவே பிடித்துக்கொள்ளும். அந்தப் பகுதியை வாசிப்பவர்கள் யார் என்று கவனியுங்கள்: கீபோர்டில் பேங்க்ஸ், கீழே மைக் ரதர்ஃபோர்டு, டிரம்ஸில் காலின்ஸ். மூன்றே பேர். 1978க்குப் பிறகு ஜெனிசிஸ் என்ற பெயரில் மிஞ்சியதும் இதே மூன்று பேர்தான். கேப்ரியல் காலத்தின் உச்சம் என்று எல்லோரும் கொண்டாடும் ஆல்பத்துக்குள்ளேயே பிந்தைய ஜெனிசிஸ் நாலு நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. நான் அதைக் கேப்ரியலின் கணக்கில் வரவு வைத்திருந்தேன்.

அடுத்தது 'ஃபாக்ஸ்ட்ராட்' ஆல்பத்தின் 'சப்பர்ஸ் ரெடி', இருபத்து மூன்று நிமிடம். இதை ஒரே உட்காரலில் இரண்டு முறை கேளுங்கள். முதல் முறை வழக்கம்போல. இரண்டாவது முறை, தொடக்கத்துப் பகுதியில் கேப்ரியலை விட்டுவிட்டு அவரோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு குரலை மட்டும் பின்தொடருங்கள். அது காலின்ஸ். ஒருமுறை காதில் விழுந்துவிட்டால் அதற்குப் பிறகு விடாது. கடைசிக்குச் சற்று முன்பு, ஒன்பது எண்ணிக்கையில் தாளம் சுத்தியல் மாதிரி அடித்துக்கொண்டிருக்க, அதற்கு மேல் ஆர்கன் தன் பாட்டுக்கு வேறு கணக்கில் அலையும் பகுதி இருக்கிறதே, அதுவும் பேங்க்ஸ், ரதர்ஃபோர்டு, காலின்ஸ் மூவரும் வாசித்து வாசித்து உருவாக்கியதுதான். கேப்ரியல் பிற்பாடு அதன் மேல் பாட்டைக் கொண்டுவந்து வைத்தார். அந்த வைப்பு அபாரம், மறுக்கவில்லை. ஆனால் தரை ஏற்கனவே போடப்பட்டிருந்தது.

'லாம்ப்' விஷயம் இன்னும் தெளிவு. ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டில் தங்கி அதை எழுதினார்கள். மற்ற நால்வரும் ஓர் அறையில் வாசித்து இசையை உருவாக்க, கேப்ரியல் தனியாக உட்கார்ந்து வரிகளை எழுதினார். கதை முழுவதும் அவருடையது, இசையில் பெரும்பகுதி மற்றவர்களுடையது. அவர் விலகப்போவதும் அந்த ஆல்பம் வெளிவந்த நவம்பரிலேயே குழுவுக்குத் தெரியும். சுற்றுப்பயணத்தில் க்ளீவ்லாண்ட் வந்தபோது சொல்லிவிட்டார். வெளியே மூச்சுவிடாமல் 1975 மே வரை சுமார் நூறு மேடைகளில் அதே ஆல்பத்தை முழுசாக வாசித்தார்கள். ஆகஸ்டில்தான் உலகத்துக்குச் செய்தி.

இத்தனையும் கேட்ட பிறகு ஒன்றை நேர்மையாகச் செய்ய வேண்டும். உண்மையிலேயே போனது எது என்று கணக்கெடுங்கள். புல்லாங்குழல் போயிற்று. 'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்' பாட்டில் முதலில் குழலில் வந்து பிறகு ஸ்டீவ் ஹாக்கெட்டின் கிட்டாரில் நீளும் அந்த மெட்டை நினைத்தால் எனக்கு இன்னமும் வலிக்கும். மேடையில் அவர் மாட்டிக்கொண்டு வந்த நரித் தலையும் சிவப்பு கவுனும், கிழவன் முகமூடியும் போயின. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே அவர் சொன்ன விபரீதக் கதைகள் போயின. ஒரே பாட்டுக்குள் நாலு ஆளாக மாறும் அந்தக் கரகரப்பான குரலும், எங்கிருந்து வருகிறது என்றே தெரியாத வரிகளும் போயின. இவை சின்ன இழப்புகள் அல்ல. அதற்கு ஒருநாள் ஒதுக்கி, 'த மியூசிக்கல் பாக்ஸ்' முடிவைச் சத்தமாகப் போட்டுக் கேட்டுவிடுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த ஆல்பத்துக்குப் போனால் ஒவ்வொரு பாட்டிலும் துக்கம் விசாரித்துக்கொண்டே இருப்பீர்கள்.

'அ ட்ரிக் ஆஃப் த டெயில்': இங்கே அவசரப்படாதீர்கள்

பாடகருக்காக விளம்பரம் கொடுத்து, நிறையப் பேரை வரவழைத்துச் சோதித்தார்கள். வந்தவர்களுக்குப் பாடிக் காட்டியதும், கற்றுக்கொடுத்ததும் காலின்ஸ்தான் என்பது இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம். பாடகரே வேண்டாம், கருவியிசைக் குழுவாகவே இருந்துவிடலாம் என்று சொன்னதும் அவர்தான். மற்றவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. லண்டன் ட்ரைடண்ட் ஸ்டுடியோவில் இசை எல்லாம் பதிவாகிக்கொண்டிருக்க, பாட ஆள் இல்லை. 'ஸ்க்வாங்க்' என்ற பாட்டுக்கு ஒருவரைக் கூட்டிவந்து பாடவைத்தார்கள், சுருதி அவருக்குப் பொருந்தவில்லை. நானே முயன்று பார்க்கட்டுமா என்று காலின்ஸ் கேட்டார். 1976 பிப்ரவரியில் ஆல்பம் வந்தது. பிரிட்டிஷ் பட்டியலில் மூன்றாம் இடம். கேப்ரியல் இருந்த 'லாம்ப்' பத்தாம் இடத்தோடு நின்றிருந்தது.

இசை முதலில், பாடகர் அப்புறம். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டு ஆல்பத்தைக் கேளுங்கள். அதனால்தான் முதல் முறை குரலைப் பொருட்படுத்தவே வேண்டாம் என்கிறேன். வீட்டில் ஏதாவது வேலை செய்துகொண்டே ஓடவிடுங்கள். இரண்டாம் முறை பேங்க்ஸை மட்டும், மூன்றாம் முறை ஹாக்கெட்டை மட்டும். குரலுக்கு நாலாவது முறைதான் முறை.

'டான்ஸ் ஆன் எ வால்கேனோ'வில் தொடங்கும். மறுபடியும் ஏழு. 'சினிமா ஷோ'வில் தொடையில் தட்டிய அதே ஏழு, இப்போது எரிமலை மேல். பழக்கப்பட்ட வாசல் இது, உள்ளே போவதில் சிரமம் இருக்காது.

'என்டாங்கிள்ட்' பாட்டை விளக்கணைத்துக் கேளுங்கள். ஊஞ்சல்போல மூன்று மூன்றாக ஆடும் தாளம், பன்னிரண்டு தந்திக் கிட்டார்கள், மருத்துவமனையில் தூக்கத்துக்குள் தள்ளப்படும் ஒரு நோயாளி. கடைசி வரியில் அவருக்கு பில் வரும். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாது. இந்த மாதிரிக் குறும்பு கேப்ரியலோடு போய்விட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வரிகளை எழுதியவர் ஹாக்கெட். பாட்டு முடிந்த பிறகு மெல்லோட்ரானின் (நாடாவில் பதிந்த ஒலிகளை எழுப்பும் கீபோர்டு) கூட்டுக் குரல் எழும்பி, அதன் மேல் ஒற்றை சின்தசைசர் ஆவி மாதிரி மிதக்கும். அங்கே வார்த்தையே கிடையாது. யார் பாடகர் என்ற கேள்வியும் கிடையாது.

'ஸ்க்வாங்க்' என்பது பென்சில்வேனியக் காட்டு நாட்டுப்புறக் கதைகளில் வரும் ஒரு பிராணி. தன் அவலட்சணத்தை நினைத்து எப்போதும் அழுதுகொண்டிருக்கும். பிடித்துச் சாக்கில் போட்டால் கண்ணீராகக் கரைந்துவிடும். இந்த ஒரு பாட்டில் டிரம்ஸை மட்டும் தனியாகக் கேளுங்கள். லெட் செப்பலினின் 'காஷ்மீர்' போல ஒரு கனமான நடை வேண்டும் என்று முயன்று வாசித்தது. அதே ஆள் அதற்கு மேல் பாடவும் செய்கிறார். ஒரு டிரம்மர் பாடும்போது வார்த்தைகள் அடியின் மேல் எங்கே உட்காருகின்றன என்று பாருங்கள். கேப்ரியல் தாளத்துக்குக் குறுக்கே நடப்பார், இவர் தாளத்தோடு நடக்கிறார். இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் போதும், இரண்டு குரல்களையும் ஒப்பிடுகிற வேலை பாதி முடிந்தது.

'மேட் மேன் மூன்' பேங்க்ஸின் பியானோ. எனக்குக் கொஞ்சம் நீளம். 'ராபரி, அசால்ட் அண்ட் பேட்டரி' திருடன், போலீஸ் என்று வேடம் கட்டும் பாட்டு. காலின்ஸ் சிறுவனாக லண்டன் மேடையில் 'ஆலிவர்!' இசை நாடகத்தில் ஜேப்படிச் சிறுவனாக நடித்தவர் என்பது தெரிந்தால் இதில் இன்னும் கொஞ்சம் ரசம் கூடும். ஆனால் கேப்ரியலை நினைவுபடுத்த முயலும் ஒரே பாட்டும் இதுதான், அதனாலேயே எனக்கு இங்கே கொஞ்சம் இடறும். 'ரிப்பிள்ஸ்' பற்றி எதுவும் சொல்லப்போவதில்லை. நடுவில் ஹாக்கெட்டின் கிட்டார் வரும் இடத்தில் நீங்களே நின்றுவிடுவீர்கள்.

அப்புறம் 'லாஸ் என்டோஸ்'. ஆல்பத்தின் கடைசி. கிட்டத்தட்ட முழுவதும் கருவியிசை. முன்னால் வந்த எரிமலையும் ஸ்க்வாங்கும் உருமாறித் திரும்பி வரும். இதைத் தனியாகக் கேட்டால் வேகமான வாசிப்பு, அவ்வளவுதான். முன்னால் உள்ள ஏழு பாட்டையும் கேட்டுவிட்டு வந்தால்தான் யார் வீட்டுக்கு யார் திரும்பி வருகிறார்கள் என்று தெரியும். கடைசியில் ஒலி மங்கத் தொடங்கும்போது சத்தத்தைக் கூட்டிவிடுங்கள். நான் சொல்வதிலேயே முக்கியமான செய்முறை இது ஒன்றுதான் என்றால்கூடத் தவறில்லை. தேய்ந்துகொண்டே போகும் இசைக்குள் காலின்ஸ் சன்னமாக ஒரு வரி பாடுகிறார். சூரியனில் நிற்கும் தேவதூதன் பற்றிய வரி. 'சப்பர்ஸ் ரெடி'யின் முடிவில் கேப்ரியல் தொண்டை கிழியப் பாடுவாரே, அதே வரி. போனவருக்கு ஒரு வணக்கம், யாருக்கும் கேட்காத அளவுக்கு மெதுவாக. இந்த ஆல்பத்தின் கேசட்டில் எத்தனையோ தடவை அதைக் கடந்து போயிருக்கிறேன், ஒலி தேய்ந்ததும் அணைத்துவிடுவேன். முதல் தடவை காதில் விழுந்த இரவு, கேசட்டைத் திருப்பி அந்த இருபது விநாடியை மட்டும் எத்தனை முறை கேட்டேன் என்று எண்ணவில்லை. நான் இத்தனை நாள் யார் சார்பாகக் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன் என்று வெட்கமாக இருந்தது.

எந்தப் பதிப்பைக் கேட்பது என்று கேட்பீர்கள். 2007ல் நிக் டேவிஸ் மறுபடி ஒலிக்கலவை செய்த பதிப்பில் கருவிகள் தனித்தனியாகத் துலங்கும். ஒவ்வொருவராகப் பின்தொடரும் பயிற்சிக்கு அது நல்லது. ஆனால் மொத்தத்தில் கொஞ்சம் உரத்துவிட்டதுபோல எனக்குப் படும். ரசிப்பதற்குப் பழைய கலவை.

'விண்ட் அண்ட் வதரிங்', பிறகு ஒரு தேர்வு

அதே 1976 டிசம்பரில் அடுத்த ஆல்பம். நெதர்லாந்தில் பதிவு செய்தது. முந்தையது வெயில் என்றால் இது பனிமூட்டம். இது உடனே பிடிக்காது, மூன்று நாலு தடவை ஆகும். 'ஒன் ஃபார் த வைன்' பத்து நிமிடம். பேங்க்ஸின் கார்டுகள் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) எங்கே இறங்கும் என்று நினைப்போமோ அங்கே இறங்காமல் பக்கத்துப் படியில் கால் வைக்கும். இந்தப் பழக்கத்தை இங்கே அடையாளம் கண்டுகொண்டால், பிறகு பழைய ஆல்பங்களிலும், எண்பதுகளின் ஹிட் பாடல்களிலும்கூட அது தெரியும். ஜெனிசிஸின் கைரேகை குரலில் இல்லை, இந்தக் கார்டுகளில்தான் இருக்கிறது என்பது என் துணிபு. இதில் சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு.

'பிளட் ஆன் த ரூஃப்டாப்ஸ்' தொடங்கும் முன் ஹாக்கெட் நைலான் தந்திக் கிட்டாரில் தனியாக வாசிக்கும் அறிமுகத்துக்காகவே இந்த ஆல்பத்தை வைத்திருக்கலாம். அதை நிதானமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அவரும் அடுத்த வருடம் போய்விடுவார்.

இப்போது தேர்வு. 1977ல் வந்த 'செகண்ட்ஸ் அவுட்' மேடைப் பதிவு, பெரும்பாலும் பாரிஸில் எடுத்தது. இதில் 'சப்பர்ஸ் ரெடி' முழுசாக இருக்கிறது, காலின்ஸ் குரலில். பழைய பதிவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பகுதி பகுதியாக மாற்றி மாற்றிக் கேளுங்கள் என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்யாதீர்கள், அது நீதிபதி வேலை. முழுசாக, ஒரே மூச்சில், கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். எங்காவது ஓர் இடத்தில், பாடுவது யார் என்பதை மறந்து கதைக்குள் போய்விட்டீர்களா என்பதுதான் கேள்வி. எனக்கு அந்த மறதி நடுவில் வந்தது, கடைசிப் பகுதியில் கலைந்துவிட்டது. அங்கே கேப்ரியல் வேண்டியிருந்தார். அதை ஒப்புக்கொள்வதில் தப்பில்லை. தேர்வில் எழுபது மார்க் வாங்கினாலும் பாஸ்தான்.

மேடையில் டிரம்ஸ் யார் வாசிப்பது என்ற பிரச்சினைக்கு 1976ல் பில் ப்ரூஃபர்டும், 1977லிருந்து செஸ்டர் தாம்சனும் வந்தார்கள். பாட்டு நிற்கும் இடங்களில் காலின்ஸ் ஓடிப்போய் இரண்டாவது டிரம்ஸில் உட்கார்ந்துகொள்வார். இரண்டு டிரம்ஸும் சேர்ந்து இறங்கும் இடங்களை இந்தப் பதிவில் தேடிப் பிடிப்பதே ஒரு விளையாட்டு. பாடகர் போனதால் குழுவுக்குக் கிடைத்தது இது. கேப்ரியல் இருந்த மேடையில் இரண்டு டிரம்ஸ் கிடையாது.

பிறகு

ஹாக்கெட்டும் போன பிறகு வந்த 1978 ஆல்பத்தின் பெயரே 'அப்புறம் மூன்று பேர் இருந்தார்கள்' என்ற பொருளில் இருக்கும். ஒருமுறை கேட்டால் போதும். அவசரமாக 1980ன் 'டியூக்'குக்கு வாருங்கள். பிரிட்டனில் அவர்களுடைய முதல் நம்பர் ஒன் ஆல்பம். பழைய ஜெனிசிஸின் கடைசி வீடும், புது ஜெனிசிஸின் முதல் வீடும் ஒரே மனையில் கட்டியதுபோல இருக்கும். இதில் 'டர்ன் இட் ஆன் அகெய்ன்' என்ற பாட்டு ரேடியோவில் ஓடிய நேர்த்தியான ராக் பாட்டு மாதிரித் தோன்றும். எண்ணிப் பாருங்கள், பதிமூன்று வரும். நடனமாட முயன்றால் காலைத் தடுக்கும். ஆல்பத்தின் முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் ஒன்றையொன்று தொடும், 'லாஸ் என்டோஸ்' செய்த அதே வேலை. நடுவில் உள்ள சில காதல் பாட்டுகளை நான் தாண்டிவிடுவேன், நீங்களும் தாண்டலாம்.

எண்பதுகளுக்கு என் யோசனை: ஹிட்டுகளைத் தேடிப் போக வேண்டாம், அவை தானாக வந்து சேரும். நீளமானவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1983ன் 'ஹோம் பை த ஸீ' இரண்டு பகுதியும் சேர்த்து, 1986ன் 'டாமினோ', 1991ன் 'ட்ரைவிங் த லாஸ்ட் ஸ்பைக்', 'ஃபேடிங் லைட்ஸ்'. இவற்றைக் கேட்டுவிட்டு 'இன்விசிபிள் டச்' பாட்டுக்கு வந்தால் அதன் மேல் வரும் கோபம் பாதியாகும். மீதிப் பாதி எனக்கு இன்னும் இருக்கிறது.

இதற்கு இணையாகக் கேப்ரியலையும் கேட்டுக்கொண்டு வாருங்கள். இது துரோகம் இல்லை, மருந்து. 1977ல் அவர் தனியாக வந்து பாடிய 'சால்ஸ்பரி ஹில்' குழுவை விட்டு வந்ததைப் பற்றிய பாட்டு, அதுவும் ஏழில்தான் நடக்கிறது. 1980ன் அவருடைய மூன்றாவது ஆல்பத்தைத் திறந்ததும் 'இன்ட்ரூடர்' பாட்டில் ஒரு டிரம்ஸ் சத்தம் சுவர் இடிவதுபோல விழும். சிம்பல் ஒன்றுகூட இல்லாமல் வாசித்திருப்பவர் ஃபில் காலின்ஸ். நாம் இருவருக்காகவும் அணி பிரிந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது அவர்கள் ஒரே ஸ்டுடியோவில் சிரித்துக்கொண்டு வாசித்திருக்கிறார்கள். 1982 அக்டோபரில் கேப்ரியலின் 'வோமாட்' இசை விழா கடனில் மாட்டியபோது, அதைத் தீர்க்கப் பழைய குழு மில்டன் கீன்ஸில் மழையில் ஒரு நாள் சேர்ந்து வாசித்தது. 1986ல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தில் இருந்த 'இன்விசிபிள் டச்' பாட்டைக் கீழே தள்ளியது கேப்ரியலின் 'ஸ்லெட்ஜ்ஹாமர்'. 2022 மார்ச்சில் லண்டனில் ஜெனிசிஸின் கடைசிக் கச்சேரி. காலின்ஸ் நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். கேப்ரியல் பார்வையாளர்களில் ஒருவராக உட்கார்ந்திருந்தார்.

இந்த முறை மற்ற குழுக்களுக்கும் ஓரளவு செல்லும். மரில்லியன் குழுவிலிருந்து பாடகர் ஃபிஷ் 1988ல் போனதும், 1989ல் ஸ்டீவ் ஹோகார்த் வந்து 'சீசன்ஸ் எண்ட்' பாடினார். அங்கேயும் இசையின் பெரும்பகுதி புதுப் பாடகர் வருவதற்கு முன்பே தயார். 'ஈஸ்டர்' பாட்டில் ஸ்டீவ் ராத்தரியின் கிட்டாரிலிருந்து தொடங்குங்கள், பிறகு நேராக 1994ன் 'ப்ரேவ்'. ஆனால் அங்கே ஹோகார்த் வெளியிலிருந்து வந்தவர், பழைய ஆல்பங்களில் அவர் குரலைத் தேட முடியாது. அதனால் மனம் திறக்க இன்னும் கொஞ்சம் நாளாகும். யெஸ் குழு தன் பாடகர் ஜான் ஆண்டர்சன் இல்லாமல் 1980ல் போட்ட 'டிராமா'வில் 'மெஷின் மெசையா' ஒன்றே பத்து நிமிடத்தில் உங்களைச் சமாதானப்படுத்திவிடும்.

ஜெனிசிஸில் இன்னொரு ஆல்பம் பாக்கி. 1996ல் காலின்ஸும் விலக, ரே வில்சன் என்ற பாடகரோடு பேங்க்ஸும் ரதர்ஃபோர்டும் 1997ல் 'காலிங் ஆல் ஸ்டேஷன்ஸ்' கொண்டுவந்தார்கள். காலின்ஸ் மூலம் ஜெனிசிஸுக்குள் வந்தவர்கள், 1976ல் நம்மைப் போன்றவர்கள் சொன்னதையே அப்போது சொன்னார்கள். சுமாரான ஆல்பம்தான், ஆனால் 'த டிவைடிங் லைன்' பாட்டில் கார்டுகளைக் கேளுங்கள், பக்கத்துப் படியில் கால் வைக்கும் அதே பேங்க்ஸ்.

இதை என் மகளிடம் போட்டுக் காட்டினேன். இப்போது அவள் கல்லூரியில் படிக்கிறாள். காலின்ஸ் பாட்டு அத்தனையும் மனப்பாடம். அரை நிமிடம் கேட்டாள். "இதுல அவர் இல்லையேப்பா" என்று சொல்லி ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டாள். முதலில் குரலை விட்டுவிட்டுக் கீபோர்டை மட்டும் பின்தொடர்ந்து பார் என்று சொல்லியிருக்கிறேன். பார்க்கலாம்.